புள்ளியும் பொன்தூளும்

சென்ற மாதம் நிக்காஹ் அழைப்பிதழ்கள் மூன்று நம் இல்லத்திற்கு வந்தன. மூன்றும் கணினியில் உருவானவை. காகிதம் உயர்ந்தது, வண்ணம் கண்ணைப் பறிப்பது. ஆயினும் முதலாவதைப் பிரித்தவுடன், உச்சியில் நின்ற பிஸ்மியைக் கண்டு நாம் திகைத்தோம். சேர்ந்து நிற்கவேண்டிய எழுத்துகள் தனித்தனியே நின்றன. அதுவுமன்றி, முறைப்படி வலத்திலிருந்து ஓதத் தொடங்கினால் ‘ரஹீம்’ என்பதன் ஈற்று மீம் முதலில் வந்தது. முதலில் நிற்கவேண்டிய பே இடக்கோடியில் ஒதுங்கிக் கிடந்தது. அந்த இல்லத்தில் ஓதத் தெரியாதவர் ஒருவரும் இலர். அப்படியிருந்தும் 500 பிரதிகள் அச்சாகி, ஊரெங்கும் வழங்கப்பட்டுவிட்டன.

இப்பிழை நேரும் வகையை அறிந்தால் யாரைக் கடிந்துகொள்வது என்பதும் தெளிவாகும். ஃபோட்டோஷாப் என்னும் படத்தொகுப்பு மென்பொருள் 1990 இல் வெளிவந்தது. தொடக்கக் காலத்தில் அதில் இட்ட எழுத்து, இட்டவுடனே வெறும் வண்ணப்புள்ளிகளாய் மாறிவிடும். பிழை கண்டால் அழித்து மீண்டும் இடவேண்டும். 1998 இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் எழுத்து எழுத்தாகவே தனி அடுக்கில் நின்று, பின்னர்த் திருத்துவதற்கு இடந்தந்தது. மை உலர்ந்தபின் கண்ட பிழைக்காக ஏட்டையே கிழித்த பண்டைய எழுத்தர்களை எண்ணினால், இது பெரும் பேறு என்றே சொல்லவேண்டும்.

ஆனால் அம்மென்பொருளின் எழுத்துப் பொறி முதலில் ஆங்கிலம் போன்ற எழுத்துகளுக்கென அமைந்தது. இடமிருந்து வலமாக ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவதே அது அறிந்த வேலை. அரபி எழுத்துகளில் பெரும்பாலானவற்றிற்குத் தனிநிலை, முதல், இடை, கடை என நான்கு வடிவங்கள் உண்டு. அலிஃப் முதலிய ஆறு மட்டும் தமக்குப் பின்வருவதோடு சேரா. இதை அறியாத பொறியிடம் பிஸ்மியைக் கொடுத்தால், நாம் கண்ட அலங்கோலமே விளையும். பிற்காலத்தில் மேற்காசிய, தெற்காசிய எழுத்துகளுக்கெனத் தனிப் பொறி ஒன்றையும் சேர்த்தார்கள். அமைப்புப் பகுதியில் அதைத் தேர்ந்தெடுத்தால் எழுத்துகள் தாமே திசையறிந்து கூடும். தேராவிடில் தமிழுக்கும் இதே கதிதான். ‘தொழுகை’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒகரத்தின் கொம்பு தகரத்திற்கு முன் வராமல் பின்னே போய் ஒட்டும்; ழகரத்தின் உகரம் பிரிந்து தொங்கும்; ஐகாரக் குறி ககரத்தைத் தாண்டி வலப்பக்கம் விழும். மூன்றெழுத்துச் சொல்லில் ஓரெழுத்தும் தப்பாது!

இரண்டாம் அழைப்பிதழில் இந்தக் குறை இல்லை. அதன் குறை நகாசில் இருந்தது. அர்ரூம் அத்தியாயத்தின் 21 ஆம் வசனம், மணவிழா ஏடுகளில் நாம் வழக்கமாகக் காண்பது, அரபியில் இருந்தது. அதன்மேல் தூரிகைக் கருவியால் பொன்தூள் தூவியிருந்தார்கள். அத்தூளில் ஒரு துளி, ‘ரஹ்மத்’ என்னும் சொல்லின் ரேக்கு நேர்மேலே போய் அமர்ந்தது. ரேக்கு மேல் ஒரு புள்ளி இட்டால் அது ஸே ஆகும். ரஹ்மத் ஸஹ்மத் ஆகும். அருள் என்ற பொருள் போய், அரபியில் நெரிசல், உருதுவில் தொல்லை என்ற பொருள் வந்து சேரும். மணமக்களுக்கு இதையா வேண்டுவது? ஒரு துளிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்பார் உளர். ஜீம், ஹே, கே மூன்றுக்கும் உடல் ஒன்றே. புள்ளியால் மட்டுமே வேறுபடுவன. தமிழின் ஒலிகளை அரபி வரிவடிவில் எழுதப் புகுந்த நம் முன்னோர், உள்ள எழுத்துகளோடு புள்ளிகளைக் கூட்டியே அரபுத்தமிழுக்குப் புதிய எழுத்துகளைப் படைத்தார்கள். அவர்கள் கண்ணில் புள்ளி அழகுப்பொருள் அன்று, அதுவே எழுத்து.

அதே ஏட்டில் மணமகன் பெயரை அகலவாட்டில் இழுத்து நீட்டியிருந்ததும் நமக்கு உவப்பாக இல்லை. பக்தாதில் அப்பாசியரின் அமைச்சராக இருந்து 940 இல் மறைந்த இப்னு முக்லா, எழுதுகோல் பதிக்கும் சாய்சதுரப் புள்ளியையே அளவுகோலாகக் கொண்டு அலிஃபின் உயரத்தையும் ஏனைய எழுத்துகளின் வளைவையும் வகுத்தார் என்பது எழுத்தணிக் கலையின் முதற்பாடம். ஒருபுறமாக இழுக்கும்போது அப்புள்ளியே தட்டையாகிவிடுகிறது. அளவுகோல் கெட்டபின் அளவேது? சொல்லை நீட்ட அரபியிலேயே வழியுண்டு. எழுத்துகளை இணைக்கும் கோட்டை நீட்டுவது அது, கஷீதா என்பர். எழுத்திடைவெளியைக் கூட்டி நீட்டப் புகுந்தால் இணைப்பு அறும்.

மூன்றாவது ஏடு ஏறத்தாழ நம் மனத்திற்கு இசைந்தது. நிழலில்லை, புடைப்பில்லை, எழுத்தைச் சுற்றி வெற்றிடம் தாராளமாக விட்டிருந்தார்கள். ஆனால் தடித்த எழுத்துரு கைவசம் இல்லாமையால், மென்பொருளின் போலித் தடிப்பைப் பயன்படுத்திவிட்டார்கள். அது விளிம்பை வெளியே ஊதிப் பெருக்குவதன்றி வேறில்லை. சிறிய அளவில் ணகரத்தின் சுழிகள் அடைபட்டு, ‘திருமணம்’ ‘திருமனம்’ எனத் தோன்றியது.

முதல் ஏட்டை வடித்த இளைஞரைத் தேடிச் சென்று கண்டோம். நம் சமயத்தவர் அல்லர், பணிவுடையவர். நாம் சொன்னதைக் கேட்டு, அப்பொழுதே அமைப்பை மாற்றி அந்தச் சொற்களை மீண்டும் இட்டார். எழுத்துகள் கண்முன்னே கை கோத்தன. அரை நிமிடம் ஆகவில்லை. “ஐயா, எனக்கு இதில் ஓர் எழுத்தும் தெரியாது. மாதிரியைப் பெண் வீட்டாருக்கு அனுப்பினேன். அவர்கள் ஓர் உஸ்தாதிடமும் காட்டிச் சரி என்றார்கள்” என்றார்.

அந்த உஸ்தாது வேறு யாருமல்லர், நாமே. அஸர் தொழுகைக்குப் புறப்படும் வேளையில் மாதிரி கைபேசிக்கு வந்தது. பெயர்களைப் பார்த்தோம், தேதியைப் பார்த்தோம், மண்டபத்தைப் பார்த்தோம். நன்று என்று விடையனுப்பினோம். பிஸ்மி அதன் இடத்தில் பொன்னிறமாய் இருந்தது. முப்பது ஆண்டுகளாய்ப் பிள்ளைகளுக்கு அதை எழுத்தெழுத்தாகக் கூட்டிக் கற்பித்த நாம், அன்று அதை ஓதவில்லை. ஒரு பூவேலையைப் பார்ப்பதுபோலப் பார்த்தோம். ஆங்கிலப் பொறி செய்ததற்கும் நாம் செய்ததற்கும் என்ன வேற்றுமை? பொறிக்காவது அரபி தெரியாது.

இதை அவ்விளைஞரிடம் அன்றே ஒப்புக்கொண்டோம். பெண்ணின் தந்தையிடம் சொல்ல இரண்டு நாள் பிடித்தது. அவர் சினக்கவில்லை. அவருடைய இளைய மகளுக்கு வரும் ஷவ்வாலில் நிக்காஹ். அதன் மாதிரியைக் கைபேசிக்கு அனுப்பாமல், முழு அளவில் தாளில் அச்சிட்டுத் தரவேண்டுமென்று கேட்டிருக்கிறோம்.