வழுவும் அமைதியும்: நிரல்மொழிகளின் வகை அரசியல்

நிரல்மொழிகளில் ஒரு பழைய சண்டை திரும்ப வந்திருக்கிறது. ஒரு பெயருக்குள் எண் வருமா எழுத்து வருமா என்பதை முன்பே அறிவித்துவிட வேண்டும், பொருந்தாததைக் கலந்தால் நிரல் ஓடுவதற்கு முன்பே தடுக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. ஓடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது மறு கட்சி. 1970-இல் வந்த பாஸ்கல் முதல் கட்சி. 1991-இன் பைத்தானும் 1995-இன் ஜாவாஸ்கிரிப்டும் இரண்டாவது. சுதந்திரம் என்று கொண்டாடப்பட்டவை. 2012-இல் மைக்ரோசாஃப்ட் ஜாவாஸ்கிரிப்டின் மேல் வகைகளை ஏற்றி டைப்ஸ்கிரிப்டை வெளியிட்டது. 2015-இல் பைத்தானும் வகைக்குறிப்புகளுக்கு இடம் கொடுத்தது. இப்போது கட்டுப்பாடுதான் மோஸ்தர்.

மோஸ்தர் என்று சொல்லி ஒதுக்கிவிடவும் முடியாது. பத்துப் பேர் எழுதிவிட்டுப் போன நிரலைப் பதினோராவது ஆள் திருத்த வேண்டும். எங்கள் திருக்கழுக்குன்றத்திலிருந்து சிறுசேரிக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்: எழுதினவன் போய்ட்டான், வகைக்குறிப்புதான் பிடிமானம். ஆளை மாற்றினாலும் வேலை நிற்காது என்பதால் முதலாளிக்கும் அது வசதி. இரண்டும் சேர்ந்ததுதான் இந்தத் திரும்புதல்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. 'அவன் வந்தது' என்றால் திணை வழு. ஆனால் நம் இலக்கணம் வழாநிலை, வழு என்று இரண்டோடு நிற்கவில்லை. வழுவமைதி என்று மூன்றாவதையும் வைத்தது. பசுவை 'அம்மா வந்தாள்' என்பது வழுதான். உவப்பினால் சொன்னதால் ஏற்றுக்கொள்ளப்படும். வேடிக்கை என்னவென்றால், 2009-இல் முத்து அண்ணாமலை கட்டுரை எழுதி அறிமுகப்படுத்திய 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழி, நிபந்தனையை முன்வைத்து 'ஆனால்' என்று பின்னால் முடிக்கும் அளவுக்குத் தமிழ்த் தொடரமைப்பை எடுத்துக்கொண்டது, திணையை எடுத்துக்கொள்ளவில்லை. வகை விஷயத்தில் அது பைத்தானின் பிள்ளை.

கறாரான மொழிகளிலும் அமைதி உண்டு. டைப்ஸ்கிரிப்டில் 'எனி' என்று போட்டால் சோதனை விலகிக்கொள்ளும். கேள்வி, அமைதியை யார் கொடுப்பது, எதை நம்பி என்பதே. 1996 ஜூன் 4-இல் ஏரியன் 5 ராக்கெட் ஏறத்தாழ 40 விநாடியில் சிதறியது. வகைக் கண்டிப்புக்குப் பேர்போன ஏடா மொழியில் எழுதிய நிரல். 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் அடைக்கும் இடத்தில், மதிப்பு அவ்வளவு பெரிதாகாது என்று பாதுகாப்பை விட்டிருந்தார்கள். ஏரியன் 4-க்குக் கொடுத்த அமைதி அது. 5-க்கு வழுவாகிவிட்டது.

அதைவிடப் பெரிய சிக்கல், வகைப்பாடே வழுவாக இருப்பது. பாலினத்துக்கு ஆண், பெண் என்று இரண்டே மதிப்புகளை அறிவித்த நிரல் எந்தச் சோதனையிலும் தேறும். அதன் முன் நிற்கும் திருநங்கைதான் பிழையாகிறார். ஆண்மை திரிந்தவர்களைச் சுட்டும் பெயர்களுக்குத் தனி ஈறு இல்லை என்று தொல்காப்பியம் ஒப்புக்கொள்கிறது; உயர்திணை ஈறுகளாலேயே வழங்கச் சொல்கிறது. தனி ஈறு தரவில்லை, ஆனால் அஃறிணைக்குத் தள்ளவுமில்லை. உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது 2014-இல்தான்.

ஆகவே கட்டுப்பாடா சுதந்திரமா என்று கட்சி கட்டுவதில் எனக்கு அக்கறையில்லை. வகைகள் வேண்டும். அவற்றை அறிவிக்கும் அறையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்காத நிரலாளர், வழு இல்லாமல் எழுதுவதாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம்.