அவசரப்படாத மூவர்

கேலக்ஸி 500 என்ற ராக் குழு இயங்கியது 1987 முதல் 1991 வரை; தந்தது மூன்றே ஆல்பங்கள். அமெரிக்க இண்டி ராக் வேகத்திலும் இரைச்சலிலும் திளைத்த காலம் அது. ஹார்வர்டில் படித்த நண்பர்களான டீன் வேர்ஹம், டேமன் க்ருகோவ்ஸ்கி, நயோமி யாங் மூவரும் அப்போது நிதானமாக வாசித்தார்கள். அந்த நிதானத்தைத் திறமைக் குறைவு என்று நினைத்தவர்கள் பெரிய அழகொன்றைத் தவறவிட்டார்கள்.

அவர்களுடைய முதல் சிங்கிளான 'டக்போட்' பாடலில் இருப்பவை இரண்டே கார்டுகள். ஆனாலும் அது அலுப்பதில்லை. காரணம் நயோமியின் பேஸ் கிட்டார். குழுவில் சேரும்வரை அவர் பேஸ் வாசித்ததே இல்லை. பேஸ் என்றால் அடியில் கிடந்து பாரம் தாங்க வேண்டும் என்ற ராக் வழக்கம் அவருக்குப் பழகவில்லை. மேல் ஸ்தாயியில் தனி மெட்டாகவே வாசித்தார். டேமனின் டிரம்ஸ் தாளத்தை எண்ணிக் காட்டுவதோடு நிற்காமல், சிம்பல்களின் மினுமினுப்பால் பாட்டுக்கு நிறம் தீட்டும். டீனின் குரல் உச்சத்தில் நடுங்கும். சொல் தீர்ந்த இடத்தில் அவருடைய கிட்டார் பாட்டைக் கையிலெடுக்கும்.

தயாரிப்பாளர் க்ரேமர் இந்த மூன்று குரல்களையும் ஆழ்ந்த எதிரொலியில் தோய்த்தார். 1989இல் வந்த 'ஆன் ஃபயர்' அந்தக் கூட்டணியின் சிகரம். அதன் முதல் பாடலான 'ப்ளூ தண்டர்' ஒலிக்கும்போது பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். பாட்டுக்குள் இன்னொரு பாட்டு ஓடுவது தெரியும்.

1991இல், ஜப்பான் பயணத்துக்குச் சற்று முன், டீன் தொலைபேசியில் விலகலை அறிவித்தார். அதே ஆண்டில் அவர்களது இசைத்தட்டு நிறுவனமான ரஃப் டிரேட் திவாலானது. மூல ஒலிநாடாக்கள் ஏலத்துக்கு வர, டேமனும் நயோமியும் அவற்றை வாங்கிக் காப்பாற்றினார்கள். 1996இல் மூன்று ஆல்பங்களும் ஒரே தொகுப்பாக வெளிவந்தன. பின்னால் வந்த எத்தனையோ மெதுநடைக் குழுக்களுக்கு அவை முன்னோடி.

டீன் லூனா குழுவைத் தொடங்கினார்; மற்ற இருவரும் டேமன் அண்ட் நயோமி என்ற பெயரில் தொடர்ந்தார்கள். இரண்டுமே அருமை. ஆனால் கேலக்ஸி 500இன் ஒலி இரண்டிலும் இல்லை. அங்கே தலைமை வாத்தியம் என்றோ பக்கவாத்தியம் என்றோ எதுவும் கிடையாது, மூவரும் சரிசமம். ஒருவர் விலகினால் இன்னொருவரைக் கொண்டு நிரப்ப முடியாத இசை அது. அந்தக் குழுவின் மேதைமையும் அதுதான், முறிவுக்குப் பின் அது மீளாததன் காரணமும் அதுதான்.