பாளை இறக்கும் சாறு

கோவை ஆர்.எஸ்.புரத்தில் நல்ல காபிக்கு அலையவே வேண்டாம். ஒரு டம்ளர் தெளுவுக்குத்தான் பொள்ளாச்சிப் பக்கம் போக வேண்டியிருக்கிறது. வெயில் ஏறுமுன் போவது நல்லது. தென்னையின் விரியாத பாளையைக் கயிற்றால் இறுகக் கட்டி, நாள்தோறும் மெல்லத் தட்டிப் பக்குவமாக்கி, நுனியை மெல்லிசாகச் சீவுகிறார் மரமேறி. கை கொஞ்சம் அழுந்தினால் போச்சு, பாளை சீக்கிரமே தீர்ந்துவிடும். சாறு சொட்டும் முட்டிக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் தெளுவு. தடவாவிட்டால், தானாக வந்து சேரும் ஈஸ்ட் சில மணி நேரத்தில் நுரைகட்ட வைத்துக் கள்ளாக்கிவிடும்.

அந்தக் கள்ளுக்குத் தமிழ்நாட்டில் 1987 முதல் தடை. வாளையாறு தாண்டிக் கேரளத்துக்குள் போனால் அதே சாறு கள்ளு ஷாப்பில் விற்கிறது. கொங்கு விவசாயிகளின் ஆதங்கம் எனக்கு நியாயமாகவே படுகிறது.

நீரா என்ற பெயரில் புளிக்காத சாறுக்கு மட்டும் 2017-ல் அரசு வழிவிட்டது. காசர்கோடு மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்த குளிர்ப்பெட்டியில் பனிக்கட்டி போட்டுப் பாளையில் மாட்டினால் சுண்ணாம்பே தேவையில்லை. சாறு தேன் நிறத்தில், வாடையில்லாமல் இறங்குகிறது. இனிப்பில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் சுண்ணாம்பின் அந்த லேசான காரல் இல்லாத நீரா, எனக்கென்னவோ பவுடர் பூசிக்கொண்டு விருந்துக்கு வந்த தெளுவு மாதிரிதான் இருக்கிறது.