குமிழி அடங்கும் நேரம்

ரேடியேட்டர் வாயில் பொருத்திய பெரிய புனலில் கூலன்ட் பாதியளவு நிற்கிறது. எஞ்சின் ஐட்லிங்கில் ஓடுகிறது. பத்து நிமிடமாக எதுவும் நடக்கவில்லை. அண்ணன் மேல் ஹோஸின் மீது உள்ளங்கையை வைத்தபடி நிற்கிறார். “இப்பப் பாருங்க” என்கிறார். தாகத்தோடு இருந்தவர் ஒரு மடக்குக் குடித்தாற்போல், புனலில் இருந்தது சட்டென்று இரண்டு விரற்கடை இறங்குகிறது. அடுத்த கணம் எலுமிச்சம்பழ அளவில் ஒரு குமிழி எழுந்து ‘களக்’ என்று உடைகிறது. அவர் கையை எடுத்துவிட்டார். ஹோஸ் சுட ஆரம்பித்துவிட்டது.

இந்த ஒரு கணத்துக்காகவே கோயம்புத்தூர் ஒண்டிப்புதூரில் அவருடைய ஒர்க்‌ஷாப்பில் பல சனிக்கிழமைகள் உட்கார்ந்திருக்கிறேன். வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் என்று எதை மாற்றினாலும் பழைய கூலன்ட்டை வடித்தாக வேண்டும். வடித்த இடமெல்லாம் காற்று புகுந்துவிடும். திரும்ப நிரப்பும்போது அந்தக் காற்றை மிச்சமில்லாமல் வெளியேற்றுவதைத்தான் ‘ஏர் எடுக்கிறது’ என்கிறார்கள். பில்லில் பெரும்பாலும் இதற்குத் தனி வரி இருக்காது. எஞ்சின் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இதன் அருமையை நான் தெரிந்துகொண்டது பர்லியாறு பக்கத்தில். வேறோர் இடத்தில் வாட்டர் பம்ப் மாற்றி, மாலையில் வண்டியை எடுத்து, மறுநாள் காலை மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறினேன். கல்லாறு தாண்டியதும் டெம்பரேச்சர் முள் பாதிக்கு மேல் போயிற்று. இரண்டு வளைவு ஏறுவதற்குள் அதுவே மளமளவென்று இறங்கியது. நிம்மதியாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். அவர் முள்ளைப் பார்க்கவே இல்லை. டாஷ்போர்டுக்குப் பின்னால் ஓடை போலச் சலசலத்துக்கொண்டிருந்ததைக் கேட்டுக்கொண்டிருந்தார். “மாப்ள, உள்ள தண்ணி ஓடற சத்தம் கேக்கக் கூடாதுடா. ஓரமா நிறுத்து” என்றார்.

சென்சாரின் நுனி நீரில் முழுகியிருந்தால்தான் நீரின் சூட்டைச் சொல்லும். அதைச் சுற்றிக் காற்று வந்து நின்றுவிட்டால், எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும்போதே முள் இறங்கும். அன்று நடந்தது அதுதான். மூடியைத் தொடாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆறவிட்டோம். பிறகு திறந்து ஊற்றியபோது ஒரு லிட்டருக்கும் மேல் குடித்தது. எங்குமே ஒழுகல் இல்லாத வண்டி அது. அந்த ஒரு லிட்டர் இடத்தில் முதல் நாள் மாலையிலிருந்து காற்றுதான் குடியிருந்திருக்கிறது.

ஒரு லிட்டர் காற்று என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். ஒரே கன அளவுள்ள நீரையும் காற்றையும் ஒரு டிகிரி சூடாக்கினால், காற்று வாங்கிக்கொள்வதைப்போல 3,000 மடங்குக்கும் மேலான வெப்பத்தை நீர் வாங்கிக்கொள்ளும். சிலிண்டர் ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வை ஒட்டிய நீர்ப்பாதையில் ஒரு குமிழி தங்கினால், அந்த இடத்து உலோகத்தின் சூட்டை ஏந்திக்கொண்டு போக ஆள் இல்லை. குமிழியின் ஓரத்தில் இருக்கும் நீர் கொதித்து ஆவியாகி அதனோடு சேரும், குமிழி பெருக்கும். ஹெட் அலுமினியம் என்றால் வளைந்துவிடும். அதற்குள் ஹெட் கேஸ்கட்டும் போயிருக்கும்.

பம்ப் இருக்கிறதே, அது தள்ளிவிடாதா? கோயம்புத்தூர்க்காரர்கள் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள். பம்ப்செட் செய்கிற ஊர். கிணற்று மேட்டு மோட்டாரில் ஏர் பிடித்துக்கொண்டால் மோட்டார் சுற்றும், சத்தம் போடும், வாய்க்காலில் ஒரு சொட்டு விழாது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் காற்றை விரட்டிவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும். இம்பெல்லர் எடையுள்ளதைத்தான் சுழற்றி வீசும். காற்றின் எடை நீரில் ஏறத்தாழ 800இல் ஒரு பங்கு; வீசினால் நகராது. காரின் வாட்டர் பம்பும் அதே வகைதான். அண்ணன் இந்த வித்தையைத் தொட்டதே தோட்டத்தில்தான். “எங்கப்பாருகிட்டக் கத்துக்கிட்டதுங்க. பம்பு காத்தத் தள்ளாதுங்க. காத்து அதுவாத்தான் மேல போகோணும். வழி உடறது மட்டுந்தான் நம்ம வேல.”

வழி விடுவது என்பது உயரக் கணக்கு. அம்பாசடரில் ரேடியேட்டர் நெட்டையாக நிமிர்ந்து நிற்கும். ஊற்றுகிற வாய் மேலே இருக்கும். காற்று தானாகவே ஏறி மூடிக்கடியில் வந்து சேர்ந்துவிடும். 2014இல் அந்த வண்டியின் உற்பத்தி நின்றதற்கு வெகுகாலம் முன்பே மற்ற கார்களின் பானெட் தாழ்ந்துவிட்டது, கூடவே ரேடியேட்டரும் தாழ்ந்தது. பல கார்களில் சிலிண்டர் ஹெட்டோ ஹீட்டர் குழாயோ உயரமான இடமாகிவிட்டது. காற்று அந்த மேட்டில் ஏறி உட்கார்ந்தால் கீழே இருக்கும் வாய்க்கு இறங்கி வராது. அதனால்தான் மேட்டின் உச்சியில் ஒரு பிளீட் ஸ்க்ரூ வைத்தார்கள்.

1984இல் வந்த டொயோட்டா எம்ஆர்2 காரில் எஞ்சின் இருக்கைக்குப் பின்னால், ரேடியேட்டர் மூக்கில். நடுவில் நீண்ட குழாய்கள். அதில் ஏர் எடுக்க, ரேடியேட்டரிலும் ஹீட்டரிலும் உள்ள வால்வுகளில் கண்ணாடிபோலத் தெரியும் டியூபுகளைச் செருகி உயரத்தில் தொங்கவிடுவார்கள். டியூபில் நீர் ஏறி நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றும்போது நர்ஸ் டியூபைச் சுண்டிக் காற்றைக் கழிப்பது நினைவுக்கு வரும். மின்சார வாட்டர் பம்ப் உள்ள சில பிஎம்டபிள்யூ மாடல்களில் இன்னொரு வழி: எஞ்சினை ஓடவிடாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஆக்சிலேட்டரைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் பம்ப் தானே 12 நிமிடம்போல ஓடி ஏர் எடுத்துவிடும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் கைக்கு வேலை இல்லை.

அண்ணனின் கைக்கு வருகிறேன். எஞ்சின் முழுக்க ஆறியிருந்தால் ஒழியத் தொடமாட்டார். ஒர்க்‌ஷாப் வாசல் சரிவில் மூக்கு மேலே இருக்கும்படி வண்டியை நிறுத்துவார். இதனால் ரேடியேட்டரின் வாய் நாலு விரல் உயர்கிறது. அந்த நாலு விரல் அவருக்குப் போதும். ஹீட்டர் திருகைச் சூட்டுப் பக்கம் முழுக்கத் திருப்புவார். நம் ஊரில் ஹீட்டரை யார் போடுகிறார்கள்? ஆனால் அந்தப் பாதை மூடியிருந்தால் அதற்குள் இருக்கும் காற்று ஒளிந்துகொள்ளும்.

பிறகு ஊற்றுவது. பையன் ஒருமுறை கேனைக் கவிழ்த்துக் குபுகுபுவென்று ஊற்றப்போக, அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். “நூல் மாதிரி உடுடா. அவசரப்பட்டீனா காத்து மேல வர எடம் எங்க இருக்குது?” நீர் இறங்கும் பாதையும் காற்று ஏறும் பாதையும் ஒன்றேதான். இரண்டுக்கும் இடம் கொடுத்து ஊற்றுகிறவரின் கையை நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கலாம். நடுநடுவே நிறுத்தி மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் மாற்றி மாற்றிப் பிசைவார், பசுவின் மடியை நீவுகிற நிதானத்தில். ஒவ்வொரு பிசைவுக்கும் வாயில் நாலைந்து குமிழிகள் வரும். பிளீட் ஸ்க்ரூ உள்ள வண்டியானால் அதைத் தளர்த்துவார். முதலில் ‘புஸ்’ஸென்று காற்று, பிறகு நுரை, பிறகு முறியாத ஒரு கம்பியாக நீர். அந்தக் கம்பி வந்ததும் மூடுவார். ஸ்க்ரூ பிளாஸ்டிக் என்றால் விரல் பலம் மட்டும்தான். ஸ்பேனரால் இறுக்கினால் தலை உடைந்து கையோடு வந்துவிடும்.

எஞ்சினை ஓடவிட்டதும் காத்திருப்பு ஆரம்பம். தெர்மோஸ்டாட்டுக்குள் இருக்கும் மெழுகு, வண்டிக்கு வண்டி 82 அல்லது 88 டிகிரி போன்ற ஒரு சூட்டில் உருகி விரிந்து வால்வைத் தள்ளும். அதுவரை எஞ்சின் பக்கமும் ரேடியேட்டர் பக்கமும் இரண்டு தனி அறைகள்போல. கதவு திறந்ததும் எஞ்சினுக்குள் மறைந்திருந்த காற்று ரேடியேட்டருக்கு வருகிறது. ஆரம்பத்தில் சொன்ன அந்த ஒரு மடக்கு இதுதான். பல தெர்மோஸ்டாட்டுகளின் விளிம்பில் ஒரு சிறு துளையும் அதில் தளர்வாகத் தொங்கும் ஒரு குட்டிப் பின்னும் இருக்கும். நீர் அழுத்தினால் துளையை அடைக்கும். காற்று வந்தால் விலகி வழிவிடும். மாட்டும்போது அந்தப் பின் உச்சியில் இருக்க வேண்டும். இவ்வளவு சிறிய பொருளில் இவ்வளவு புத்தியை வைத்தவரை நினைத்து நான் வியக்காத நாளில்லை.

குமிழிகளைப் பார்த்து நோயைச் சொல்வதில்தான் தேர்ச்சி தெரியும். முதலில் வருபவை பெரியவை, சோம்பலானவை. இரண்டாயிரம் ஆர்பிஎம் வரை மெல்ல ரேஸ் செய்து விட்டால் சிறிய குமிழிகள் கொத்தாக வரும். பிறகு ஒன்றிரண்டு. ஃபேன் ஒருமுறை ஓடி நின்று, இரண்டாம் முறையும் ஓடி நிற்கும்போது புனலின் பரப்பு மொழுக்கென்று அமைதியாகிவிடும். அரை மணி நேரமாகியும் அடங்காமல், ரேஸ் செய்யும்போதெல்லாம் ஒரே சீராகக் குமிழிகள் வந்தால் அண்ணனின் முகம் மாறிவிடும். அது ஊற்றும்போது புகுந்த காற்றாக இருக்காது. ஹெட் கேஸ்கட் வழியே சிலிண்டரின் புகை வருகிறது என்று சந்தேகிப்பார். அதைச் சோதிக்க ஒரு நீல நிறத் திரவம் உண்டு. வாயில் எழும் காற்றை அதனூடே விட்டால், புகை கலந்திருக்கும் பட்சத்தில் மஞ்சளாகிவிடும்.

இப்போது வாக்யூம் கருவி வந்துவிட்டது. கம்ப்ரஸர் காற்றைக் கொண்டு கூலிங் சிஸ்டத்தையே வெற்றிடமாக உறிஞ்சும். ஹோஸ்கள் வற்றிய குடல்போலச் சப்பையாகிவிடும். சில நிமிடம் முள் நகராமல் நின்றால் ஒழுகல் இல்லை என்பதும் உறுதி. வால்வைத் திறந்தால் கூலன்ட் தானே பாய்ந்து நிரம்பும். குழாய்கள் நீளமான வண்டிக்கு இதுதான் சிறந்தது என்று அண்ணனே ஒப்புக்கொள்கிறார். ஒன்று வாங்கியும் வைத்திருக்கிறார். நானும் மறுக்கவில்லை. ஆனாலும் சாதாரண காரில் புனலும் கையும் செய்கிற வேலை எந்த விதத்திலும் குறைந்ததல்ல. எஞ்சினின் உடல்நிலையைக் குமிழிகள் சொல்வதைக் கேட்க அதில்தான் முடியும்.

புனலை எடுத்து மூடியைப் போட்டாலும் வேலை முடிந்துவிடாது. மூடிக்குள் இரண்டு வால்வுகள். சூட்டில் அழுத்தம் கூடும்போது ஒன்று திறந்து, மிச்சமிருக்கும் காற்றை ரிசர்வ் டப்பாவுக்குத் தள்ளும். ஆறும்போது மற்றொன்று திறந்து, டப்பாவிலிருந்து கூலன்ட்டை உள்ளே இழுக்கும். காற்று போய் நீர் வரும். நாலைந்து தடவை சூடாகி ஆறினால் கடைசிக் குமிழியும் வெளியே. அதனால் வண்டி வந்த மறுநாள் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டப்பாவைப் பாருங்கள். அளவு கொஞ்சம் இறங்கியிருந்தால் அது காற்று காலி செய்த இடம்; கோடு வரை ஊற்றுங்கள். ஒரு வாரமாகியும் இறங்கிக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது, திரும்பக் கொண்டுபோங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள்.

வண்டி முடிந்துவிட்டது, ஃபேன் இன்னொரு தடவை ஓடட்டும் என்று மெக்கானிக் சொன்னால், சாவியைக் கேட்டு அவரை அவசரப்படுத்தாதீர்கள். இரண்டு டீ சொல்லிவிட்டு, புனலுக்குப் பக்கத்தில் அவரோடு போய் நில்லுங்கள்.