கூரை தாங்கும் பெண்கள்

பெண்ணியப் பாடம் நடத்தும்போதெல்லாம் நான் தவறாமல் சொல்லிவந்த ஒரு சொல் உண்டு: கார்யாடிட். தூணுக்குப் பதிலாகத் தலையில் கூரையைத் தாங்கி நிற்கும் பெண்சிலைக்கு ஆங்கிலக் கட்டடக்கலையில் வழங்கும் பெயர் அது.

கி.மு. முதல் நூற்றாண்டின் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இந்தப் பெயருக்கு ஒரு கதை சொல்கிறார். கார்யே என்ற ஊர் பாரசீகரோடு சேர்ந்துகொண்டது. வென்ற கிரேக்கர்கள் அவ்வூர் ஆண்களைக் கொன்றார்கள். பெண்களை, குலமகளிருக்குரிய உடையையும் அணிகளையும் களையவிடாமலே அடிமைகளாக்கினார்கள். அந்த அவமானம் மறக்கப்படாமலிருக்கவே அவர்களைச் சுமைதாங்கிகளாகச் சிலை வடித்தார்களாம். ஆண்களின் அரசியலுக்குப் பெண்கள் சுமந்த தண்டனை. எனக்கு இதைவிட வசதியான சான்று வேறென்ன வேண்டும்?

ஆனால் கதை காலக்கணக்கில் நிற்கவில்லை. டெல்ஃபியில் சிஃப்னோஸ் தீவினர் கட்டிய கருவூலத்தின் முகப்பை, பாரசீகப் போர்களுக்கு முன்பே, கி.மு. 525 வாக்கிலேயே பெண்சிலைகள் தாங்கின. ஏதென்ஸின் எரெக்தியோன் கோயிலில் நின்ற புகழ்பெற்ற அறுவரை, அக்கோயிலின் கட்டுமானக் கணக்குக் கல்வெட்டு 'கோரை' என்று மட்டுமே குறிக்கிறது. கன்னியர் என்று பொருள். கார்யே ஊரோ, ஆர்ட்டெமிஸ் தெய்வத்துக்கு இளம்பெண்கள் ஆடிய நடனத்துக்குப் பெயர்பெற்றது. கார்யாடிட் என்றால் கார்யே ஊர்க்காரி, அவ்வளவுதான். அடிமை என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள் இல்லை. விட்ருவியஸின் கதைதான் அதை ஏற்றிவைத்தது.

இதே வேலையைச் செய்யும் ஆண்சிலைக்கு வானத்தைச் சுமந்த அட்லஸின் பெயர். அவனும் தண்டிக்கப்பட்டவன்தான். ஆனால் அவனுக்குப் பெயரும் புராணமும் உண்டு. பெண்களுக்கு மிஞ்சியது ஊர்ப்பெயர் மட்டும்.

விட்ருவியஸைக் குறைசொல்வது எளிது. அந்தக் கதையை நான் ஏன் சரிபார்க்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. அடிமைப்பட்ட பெண் என் வாதத்துக்குப் பயன்பட்டாள். ஆடிய பெண் பயன்படவில்லை. வென்றவர் பக்கத்துக் கதையை நானே தலையில் சுமந்து வகுப்பறைக்குக் கொண்டுபோயிருக்கிறேன்.

எரெக்தியோன் பெண்களின் பிடரியில் தடித்த கூந்தல் பின்னலாக இறங்குகிறது. அழகுக்காக மட்டுமன்று, மெல்லிய கழுத்து பாரத்தில் முறியாமலிருக்கவும்தான். இன்று ஐவர் ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறார்கள். எல்ஜின் பிரபு பெயர்த்தெடுத்த ஒருத்தி லண்டனில் தனியே நிற்கிறாள். அவர்கள் தலைமேல் இப்போது கூரை இல்லை. கதையையும் நாம் இறக்கிவைக்கலாம்.