காபிக் கூஜாவில் தேவகோஷ்டம்

ஏற்காட்டிலிருந்து சேர்வராயன் கோயிலுக்குப் போகும் வழியெங்கும் காபித் தோட்டங்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். அதே பத்தாண்டில் அமெரிக்காவின் பால்டிமோரில் சாமுவேல் கிர்க் என்ற வெள்ளி வேலைக்காரர், பாத்திரத்தின் உடலெங்கும் பூவும் இலையுமாகப் புடைத்து நிற்கும் வேலைப்பாட்டுக்குப் பெயர் பெற்றார். அவர் பட்டறைக் கூஜாக்களில் விரல் வைக்கக்கூட வெற்றிடம் தேட வேண்டும்.

சென்னையின் பதில் சற்றுப் பின்னால் வந்தது. அதுதான் சுவாமி வெள்ளி.

மவுண்ட் ரோட்டு பி. ஓர் அண்ட் சன்ஸ் கடை ஐரோப்பியருக்காக விற்ற தேநீர், காபிச் செட்டுகளில் வடிவம் இங்கிலாந்துடையது, உடம்பில் நிற்பவை நம் தெய்வங்கள். 1875-76இல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்கு இப்படியொரு செட் பரிசாகப் போனது. வெள்ளித் தகட்டைப் பின்னாலிருந்து தட்டி மேடாக்கி, அரக்கின்மேல் பதித்து, முன்பக்கம் சிறு உளிகளால் கண், மூக்கு, நகை, ஆடை மடிப்பு என ஒவ்வொன்றாகத் தீட்டியிருக்கிறார்கள்.

உருண்ட வயிற்றில் வரிசையாக உருவங்களை நிறுத்துவது லேசான காரியமல்ல. வளைவில் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும், இல்லையென்றால் மிதப்பதுபோலத் தெரியும். நம் ஆசாரிகள் இதற்கு விடையைக் கோயில் சுவரிலிருந்தே எடுத்தார்கள். தெய்வத்துக்குத் தெய்வம் ஒரு கோஷ்டம்: இரு பக்கம் தூண், மேலே வளைவு. கூஜா பருக்கும் இடத்தில் கோஷ்டமும் அகலும், கழுத்தை நோக்கி ஒடுங்கும்போது அதுவும் ஒடுங்கும். கிர்க்கின் பூக்களும் அழகுதான். ஆனால் கண் எங்கே தங்க வேண்டும் என்பதைச் சென்னை வேலை சொல்லிவிடுகிறது. இந்தக் கட்டமைப்பே அதன் மேன்மை. நெருக்கியடித்த பிற்காலப் பாத்திரங்களில் இது கலைந்துபோவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

பல கூஜாக்களின் கைப்பிடி நாகம். சூடு கைக்கு ஏறாமலிருக்க, கைப்பிடியின் இரு முனையிலும் தந்த வில்லை செருகுவது அந்தக் காலப் பழக்கம்.

2008இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வாலக் காட்சிக்கூடத்தில், கலை வரலாற்றாளர் வித்யா தெஹேஜியா ஆங்கிலேயர் கால இந்திய வெள்ளிக்கென்றே ஒரு கண்காட்சி அமைத்தார். இந்தப் பாத்திரங்களை அடியிலும் திருப்பிப் பார்க்க வேண்டும். அங்கே இருப்பது பெரும்பாலும் கடையின் முத்திரை. முகத்தையும் பார்க்க வேண்டும்: அடிக்கடி பாலிஷ் போட்டால் முதலில் தேய்வது தெய்வத்தின் மூக்கு. பள்ளங்களில் படிந்த கருமையை அப்படியே விடுவது நல்லது, உருவம் எழுந்து நிற்பது அதனால்தான்.