சாவியிலிருந்து ஒரு டைரக்ட் லைன்

கார்புரேட்டர் வைத்த பழைய ஜிப்ஸி கிங்கில் எஸ்டீமின் எம்பிஎஃப்ஐ எஞ்சினையோ பலேனோவின் 1.6 லிட்டர் எஞ்சினையோ ஏற்றுவது, நம் நாட்டில் எஞ்சின் மாற்றுபவர்களுக்கு நன்கு பழகிய வேலை. எல்லாமே சுஸுகியின் ஜி வரிசை எஞ்சின்கள் என்பதால் இரும்பு வேலையில் பெரிய தலைவலி இல்லை. பெட்ரோல் பம்ப்புக்கு வயர் இழுக்கும்போதுதான் அவசரம் வந்துவிடுகிறது. வண்டி ஸ்டார்ட் ஆகிற சத்தத்தைக் கேட்க எல்லோரும் காத்திருக்கும் கட்டம் அது.

கார்புரேட்டர் எஞ்சினின் பம்ப்புக்கு வயரே கிடையாது. கேம்ஷாஃப்ட் சுற்றினால் அது பெட்ரோல் இழுக்கும். எஞ்சின் நின்றால் தானும் நின்றுவிடும். புதிய எஞ்சினுக்கு வேண்டியது கிட்டத்தட்ட மூன்று பார் அழுத்தம் தரும் மின்சார பம்ப். அதற்கு நம் பட்டறைகள் பலவற்றில் கிடைக்கும் விடை, “டைரக்ட் கொடுத்துடலாம்” என்பது. சாவி ஆன் செய்தால் கரண்ட் வரும் வயர் ஒன்றைத் தேடி, அதிலிருந்து பம்ப்புக்கு ஒரு லைன். முடிந்தது வேலை.

இதைக் கைகழுவிவிட எனக்கு மனமில்லை. அரை மணி நேரத்தில் முடியும், செலவு இல்லை, பழுது வந்தால் தேடுவதும் சுலபம். மலைப்பாதையில் சென்சாரோ ரிலேயோ போய் வண்டி நின்றால், பேட்டரியிலிருந்து பம்ப்புக்கு ஒரு வயரைத் தொட்டுப் பார்ப்பதுதான் பழுது எந்தப் பக்கம் என்று காட்டும். ரிலே மட்டும் போயிருந்தால் அந்த வயரே வீடு வரை கொண்டுவந்தும் சேர்த்துவிடும். சோதனைக்கும் அவசரத்துக்கும் அது நல்ல வழி. அதையே நிரந்தர வயரிங்காக விட்டுவிடுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

முதல் குறை வோல்டேஜ். சாவி சுவிட்சின் பழைய தொடர்புகள் பம்ப்பின் லோடுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. தொடர்ந்து 5, 6 ஆம்பியர் போனால் சூடேறும். வயரும் மெலிதாக இருக்கும். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் ஐந்து மீட்டர் ஓடினால், 6 ஆம்பியரில் அந்த வயரிலேயே அரை வோல்ட் போய்விடும். இரண்டரை சதுர மில்லிமீட்டர் வயரில் அது 0.2 வோல்ட்தான். இதன் மேல் சுவிட்ச், கனெக்டர், எர்த் என்று ஒவ்வொன்றும் தன் பங்கைப் பிடித்துக்கொள்ளும். ஐடிலில் எதுவும் தெரியாது. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது பம்ப் போதிய பெட்ரோல் தராது. கலவை மெலிந்து எஞ்சின் தட்ட ஆரம்பிக்கும். பழியோ இன்ஜெக்டர் மேலோ, வாங்கிவந்த எஞ்சின் மேலோ விழும்.

எர்த் விஷயத்தில் ஜிப்ஸிக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அதன் பாடி, சேஸியின் மேல் ரப்பர் புஷ்களில் உட்கார்ந்திருக்கிறது. பாடியில் ஒரு போல்ட்டில் பம்ப்பின் எர்த்தை முடித்துவிட்டு, எஞ்சின் எர்த் சேஸியில் இருந்தால், இரண்டுக்கும் நடுவே துருப்பிடித்த போல்ட்களை நம்பித்தான் கரண்ட் திரும்ப வேண்டும். இதைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டர் போதும். பம்ப் ஓடும்போது ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை பம்ப்பின் நெகட்டிவிலும் வைத்தால், தொலைந்துபோகும் வோல்டேஜ் அப்படியே திரையில் தெரியும். பாசிட்டிவ் பக்கமும் அதே சோதனை. இரண்டையும் கூட்டி அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்த வயரிங்கை ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது என் கட்சி.

இதைச் சரிசெய்யப் பலர் ஒரு ரிலே சேர்க்கிறார்கள். பேட்டரி அருகில் ஃபியூஸ், அங்கிருந்து தடித்த வயர் ரிலேயின் 30ஆம் எண் பின்னுக்கு, 87லிருந்து பம்ப்புக்கு. சாவியின் வயர் 86க்கு, 85 எர்த்துக்கு. வோல்டேஜ் குறை இதில் தீர்ந்துவிடும். (ஐந்து பின் ரிலேயில் 87க்குப் பதில் நடுவில் உள்ள 87ஏ-யில் மாட்டிவிட்டால், சாவி ஆஃப் ஆன பிறகு பம்ப் ஓடிக்கொண்டிருக்கும். காலையில் பேட்டரி காலி.) பார்வைக்கு நேர்த்தியான இந்த வேலையிலும் பெரிய ஆபத்து அப்படியே இருக்கிறது. சாவி ஆனில் இருக்கும்வரை, எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பம்ப் தள்ளிக்கொண்டே இருக்கும்.

வண்டி கவிழ்ந்தோ மோதியோ எஞ்சின் நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் ஹோஸ் அறுந்திருக்கிறது. ஓட்டியவர் சாவியைத் திருப்பும் நிலையில் இல்லை. மணிக்கு 90 லிட்டர் தள்ளும் பம்ப் என்றால், நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் பெட்ரோல் சூடான எக்ஸாஸ்ட் பக்கம் கொட்டும். கார்புரேட்டர் காலத்துப் பம்ப்பில் இந்த ஆபத்து இல்லை. வண்டியைப் புதுப்பிக்கிறோம் என்று இறங்கி, பழைய வண்டியில் இருந்த பாதுகாப்பையே எடுத்துவிடுகிறோம்.

சுஸுகி இதற்கு வழி வைத்துத்தான் எஞ்சினைத் தந்தது. பம்ப் ரிலேயின் காயிலுக்கு எர்த் கொடுப்பது எஞ்சினின் கணினியான ஈசியூ. சாவி போட்டதும் இரண்டு, மூன்று விநாடி மட்டும் ஓட்டி அழுத்தம் ஏற்றும். அதன் பிறகு எஞ்சின் சுற்றுகிறது என்று சென்சார் சொன்னால்தான் பம்ப்புக்கு மறுபடி கரண்ட். மாற்று வேலையில் ஈசியூவும் அதன் வயரிங் கிட்டும் கூடவே வருகின்றன. ரிலேயின் 85ஐ எர்த்தில் முடிக்காமல் ஈசியூவின் அந்த ஒற்றை வயரில் சேர்த்தால் போதும். இவ்வளவு அருகில் இருப்பதை விட்டுவிடுவதுதான் எனக்கு ஆற்றாமை.

ஈசியூ வழியிலும் குறை இல்லாமல் இல்லை. சென்சார் போனால் காட்டுக்குள் வண்டி நின்றுவிடும் என்ற பயம் நியாயமானது. அதற்காகப் பாதுகாப்பையே கழற்ற வேண்டியதில்லை. உபரி சென்சார் ஒன்றையும் ஃபியூஸ் வைத்த ஜம்பர் வயர் ஒன்றையும் டூல் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம். ஃபோர்டு, ஃபியட் கார்களில் இருந்ததுபோல, மோதினால் பம்ப்பின் கரண்டை வெட்டும் இனர்ஷியா சுவிட்சைத் தனியாகச் சேர்ப்பதும் நல்லதே. ஆனால் கரடுமுரடான தடத்தில் அது வீணாக வெட்டிவிடலாம் என்பதால், ரீசெட் பட்டன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

பட்டறையிலிருந்து வண்டியை எடுக்கும் முன் கேட்க வேண்டியது ஒரே சோதனை. சாவியை ஆன் செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யாமல் டேங்க் பக்கம் காது கொடுங்கள். பம்ப் சத்தம் மூன்று விநாடியில் அடங்க வேண்டும். பிறகு எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, சாவியைத் தொடாமல், நான்காவது கியரில் பிரேக்கை அழுத்தி மிதித்தபடி கிளட்சை விட்டு நிறுத்துங்கள். பம்ப்பும் ஓரிரு விநாடிகளில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் வேலை இன்னும் முடியவில்லை, பாக்கியைக் கொடுக்காதீர்கள்.